அம்மாவின் மூச்சும் எங்கள் வீட்டுப் புகையும்

இந்த வருஷமும் தீபாவளி முடிந்த கையோடு மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான். "உங்க வீட்ல அம்மாவுக்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்கினீங்களே, அது என்ன மாடல்? எங்க அப்பாவுக்கும் இளைப்பு ஜாஸ்தியா இருக்கு."

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். "மாடல் அப்புறம் சொல்றேன். உங்க வீட்ல கொசுவர்த்தி கொளுத்துறீங்களா? பூஜை ரூம்ல தினமும் எத்தனை ஊதுவத்தி?" என்று கேட்டேன். ஒருவர், "அதெல்லாம் சின்ன விஷயம் சார், வெளியில ஏ.க்யூ.ஐ. 400ஐத் தாண்டிடுச்சு தெரியுமா?" என்றார். தெரியும். இருபது வருஷமாக இதே நொய்டாவில்தான் இருக்கிறேன். ஆனாலும் கொசுவர்த்தியைத்தான் முதலில் கேட்பேன். ஏன் என்று போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 2019 அக்டோபரில் எங்களோடு இருக்க வந்தார். அப்பா போனபிறகு ராமநாதபுரம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் தனியாக இருந்தார். ஏழெட்டு வருஷமாகவே இளைப்பு. ஊர்ப்பக்கம் பார்த்த டாக்டர்கள் "வயசாயிடுச்சுல்ல, இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி ஆளுக்கொரு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே வந்தபிறகு ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்ட முதல் கேள்வி, மாதாஜி பீடி குடிப்பார்களா என்பது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அந்த டாக்டர்கிட்ட சொல்லு தம்பி, எங்க வம்சத்துலயே பொம்பளைக யாரும் பீடியத் தொட்டதில்லைன்னு."

பிறகு குழாயில் பலமாக ஊதச்சொல்லி ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அதுவும் நன்றாக முற்றிய நிலை. டாக்டர் அடுத்துக் கேட்டது, "எத்தனை வருஷம் விறகு அடுப்பில் சமைத்தார்?"

நாற்பத்திரண்டு வருஷம். எங்கள் பக்கம் எரிப்பது பெரும்பாலும் வேலிக்கருவை. மழைக்காலத்தில் அது ஈரமாக இருந்து தொலைக்கும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மா சோறாக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது போக, வருஷத்துக்கு இரண்டு தடவை நெல் அவிக்கிற வேலை வேறு. ஜன்னலே இல்லாத அடுப்படி. புகை போக ஓட்டில் ஒரு சந்து, அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் மரணத்துக்கான காரணங்களில் மாரடைப்பு வகை இதய நோய்க்கு அடுத்த இடம் சி.ஓ.பி.டி.க்குத்தான். பீடி, சிகரெட் ஒரு காரணம் என்றால், பெண்களைப் பொறுத்தவரை பெரிய காரணம் அடுப்புப் புகை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிர்க் ஸ்மித் 1980களின் ஆரம்பத்திலேயே குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்கள் சுவாசிக்கிற புகையை அளந்து சொன்னார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் இதையே அளந்து 2002ல் வெளியிட்டது. விறகு அடுப்புக்குப் பதில் எரிவாயு தரும் உஜ்வலா திட்டம் வந்தது 2016 மே மாதத்தில். அம்மாவைப் போன்றவர்களின் நுரையீரலுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நிற்க. ப்யூரிஃபையர் கதைக்கு வருகிறேன்.

அம்மா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2019 நவம்பர் 1ஆம் தேதி டெல்லி வட்டாரத்துக்கே பொது சுகாதார அவசரநிலை என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆறாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிர் டவர் தெரியவில்லை. பயந்துபோய் அன்றைக்கே ஒரு ப்யூரிஃபையர் ஆர்டர் செய்தேன். அது வந்ததும் அம்மா ரூமில் வைத்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டி, "அம்மா, நீங்க இந்த ரூமைவிட்டு வெளியில வரக்கூடாது" என்று உத்தரவும் போட்டேன். கடமையைச் செய்துவிட்ட திருப்தி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்பினேன் :-)

2020 ஜனவரியில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் நான்கு நாள் ஐ.சி.யு. "சளிக் காய்ச்சல், அதோடு புகை" என்றார் டாக்டர். நான் டெல்லியைத் திட்டினேன். பஞ்சாபில் வைக்கோல் எரிப்பவர்களைத் திட்டினேன். அரசாங்கத்தைத் திட்டினேன். என் வீட்டைத் திட்ட எனக்குத் தோன்றவில்லை.

அது தோன்றியது ஏப்ரலில். ஊரடங்கு நேரம். வண்டி ஓடவில்லை, ஃபேக்டரி ஓடவில்லை, கட்டட வேலை இல்லை. டெல்லி வானம் அப்படி ஒரு நீலமாக இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் அம்மா ரூமில்தான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அந்த மெஷினின் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறி, மின்விசிறி ஓவென்று கத்த ஆரம்பித்தது. பி.எம். 2.5 எண் 310!

ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மூக்கில் ஏறியது. ஹாலில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பூஜை அலமாரியில் இரண்டு ஊதுவத்தி. பால்கனிக் கதவோரம் கொசுவர்த்திச் சுருள். அடுப்படியில் என் மனைவி காய்ந்த மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள். வெளியே இருபது வருஷத்தில் நான் பார்த்த சுத்தமான காற்று. வீட்டுக்குள் நவம்பர்!

அம்மாவை நாங்கள் டெல்லிப் புகையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, ஜன்னலை டேப் போட்டு ஒட்டி, எங்கள் வீட்டுப் புகையோடு சேர்த்து உள்ளே பூட்டி வைத்திருந்தோம்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஏன் என்றால், நான் வேலை பார்ப்பது வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். பெயின்ட் ஷாப், வெல்டிங் ஷாப் எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுகிறவன். பாதுகாப்பு வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: புகையோ தூசியோ வந்தால், முதலில் அது வருகிற இடத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால் அதற்குப் பதில் வேறு பொருள் பயன்படுத்து. அதுவும் முடியாவிட்டால் அது கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளு. இதெல்லாம் செய்தபிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் வடிகட்டியும் மாஸ்க்கும். கம்பெனியில் இந்த வரிசையை மாற்றினால் ஆடிட்டில் கிழித்துவிடுவார்கள். வீட்டில் நான் கடைசிப் படியை முதல் நாளே காசு கொடுத்து வாங்கிவிட்டு, முதல் மூன்று படியையும் மறந்துவிட்டேன்.

என் கருத்து இவ்வளவுதான். நுரையீரல் நோயாளி இருக்கும் வீட்டில் ப்யூரிஃபையர் நான்காவது வேலை. முதல் மூன்றையும் செய்யாமல் நான்காவதை மட்டும் செய்வது, ஓட்டைத் தொட்டியை அடைக்காமல் மோட்டாரைப் பெரிசாக வாங்குவது மாதிரி. அதைவிட மோசம், அந்த மெஷின் நமக்கு ஒரு நிம்மதியைத் தருகிறதே, அந்த நிம்மதியில் நாம் வேறு எதையும் பார்ப்பதில்லை.

அதன்பிறகு ஒரு சின்ன மீட்டர் வாங்கி ஒரு மாதம் வீட்டை அளந்தேன். இந்த மாதிரி மலிவு மீட்டர்கள் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குத்தான் பயன்படும். அதற்கே தலை சுற்றியது. கதவு மூடிய சின்ன ரூமில் ஒரே ஒரு ஊதுவத்தி, இருபது நிமிஷத்தில் 40ஐ 380 ஆக்கியது. ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2009ல் வந்த நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடு 60 வரை அனுமதிக்கிறது. கொசுவர்த்தி பற்றி 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள்களின் எடை, 75லிருந்து 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்கிறது. பீடியைத் தொடாத வம்சம் என்று அம்மா பெருமைப்பட்டாரே, அந்தப் பெருமையை நாங்கள்தான் ராத்திரி தோறும் கட்டிலுக்கடியில் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, நிறுத்தவேண்டியதுதானே? அங்கேதான் நான் இரண்டாவது தப்பு செய்தேன்.

மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ஊதுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, கற்பூரம் கூடாது. கம்பெனியில் பிரசன்டேஷன் கொடுப்பது மாதிரி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பூஜை அலமாரிப் பக்கமே போகவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான்காம் நாள் என் மனைவி, "அத்தை, ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது சொன்னாராம்: "நாப்பது வருஷம் ஊதாங்குழல ஊதுனேன். உங்களுக்கெல்லாம் சோறு வேணும், அப்ப ஒருத்தரும் இந்தப் புகை ஆகாதுன்னு சொல்லல. இப்ப சாமிக்கு ஒரு வத்தி ஏத்துறதுதான் குத்தமாப் போச்சாக்கும்."

இதை மனைவி என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. அந்தப் புகையில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுத்தான் இன்ஜினியர் ஆனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்படி வாசலில் நின்று "கண்ணு எரியுதும்மா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடியவன் நான். உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆக, இந்த விஷயத்தில் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மாறவேண்டியது வீடு. அதை ஆரம்பிக்கவேண்டியது மூச்சு நன்றாக இருக்கிற நாம். நாங்கள் அந்த வாரமே கொசுவர்த்தியை நிறுத்தினோம். எல்லாக் கட்டிலுக்கும் கொசுவலை. அடுப்படிப் பழக்கத்தை நானும் மனைவியும் மாற்றினோம். நான் மாடிப்படியில் நின்று எப்போதாவது பிடித்துக்கொண்டிருந்த சிகரெட்டும் அன்றோடு போயிற்று. (ஆமாம், சட்டையில் அந்த வாடையோடுதான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டெல்லிப் புகையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.) ஒரு மாதம் கழித்து அம்மாவே சொன்னார், "ராத்திரி இருமல் கொறஞ்சிருக்குய்யா. அந்த வத்தியும் வேணாம், விடு. பூ மட்டும் நல்லாப் பறிச்ச பூவா வாங்கிட்டு வா." அன்றிலிருந்து எங்கள் சாமிக்கு வாசனை என்றால் மல்லிகையும் துளசியும்தான். சாமி இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி, போனில் கேட்டவர்களுக்காக, நாங்கள் செய்கிறதை வரிசையாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயம் எதற்கும் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

1. வீட்டுக்குள் எரிப்பதை நிறுத்துங்கள். கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், மெழுகுவர்த்தி, சிகரெட். "ஹெர்பல்" என்று அட்டையில் போட்டிருந்தாலும் புகை புகைதான். கொசுவுக்கு வலையும் ஜன்னல் கம்பிவலையும் போதும்.

2. அடுப்படி. எக்ஸாஸ்ட் ஃபேனோ சிம்னியோ, காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவதாக இருக்கவேண்டும். அதே காற்றை வடிகட்டித் திரும்ப அடுப்படிக்குள்ளேயே விடும் குழாயில்லாச் சிம்னிகள் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், கேஸ் எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடைப் பிடிக்காது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஃபேனைப் போட்டு, அணைத்தபின் கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். எங்கள் வீட்டில் இப்போது பாதிச் சமையல் இண்டக்ஷன் அடுப்பில். மிளகாய் வறுப்பது, அப்பளம் சுடுவதெல்லாம் அம்மா மத்தியானம் வேறு ரூமில் தூங்கும்போது.

3. கூட்டுவது. காய்ந்த துடைப்பத்தால் சரக் சரக்கென்று கூட்டினால் தூசி பாதி மேலே கிளம்பும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதைப் பொறுமையாக ஒரு தடவை செய்துகாட்டினோம். நெடி அடிக்கும் பினாயில், ஆசிட், ரூம் ஸ்ப்ரே, அந்துருண்டை எல்லாம் வெளியே போயிற்று. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அந்த நாட்களில் நோயாளி அங்கே இருக்கக்கூடாது.

4. ஜன்னல். எப்போதும் பூட்டியே வைப்பது தப்பு. உள்ளே உருவாகிற புகையும் ஈரமும் போக வழி வேண்டும். டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் ராத்திரியும் விடிகாலையும்தான் புகை தரையோடு படிந்து நிற்கும். மத்தியானம் வெயில் ஏறினால் காற்று மேலே கிளம்பி, இருப்பதில் கொஞ்சம் நல்ல காற்று இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் கிடைக்கும். அப்போது கொஞ்ச நேரம் திறப்போம். ரொம்ப மோசமான நாட்களில் அதுவும் இல்லை. மழைக்காலத்தில் எல்லா ஜன்னலும் திறந்தே கிடக்கும்.

5. ஈரமும் பூஞ்சையும். மழைக்காலத்தில் ஊறிய சுவரைப் பெயின்ட் அடித்து மறைக்காமல் ஒழுக்கை அடையுங்கள். கோடையில் தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்கள் தண்ணீரை அடிக்கடி மாற்றி, புல் பேடை வருஷா வருஷம் மாற்றவேண்டும். நாற்றமடிக்கும் கூலரைவிட ஃபேன் மேல்.

6. இதெல்லாம் முடிந்தபிறகு, மெஷின். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நவம்பரில் இங்கே அது இல்லாமல் முடியாது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் சி.ஓ.பி.டி. உள்ள 116 பேரை (எல்லாரும் சிகரெட்டை விட்டவர்கள்) இரண்டு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு நிஜ வடிகட்டியும் மீதிப் பேருக்கு வடிகட்டி இல்லாத டம்மி மெஷினும் வைத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2022ல் வெளிவந்தது. முக்கிய அளவுகோலான மொத்த வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் திடீரென்று முற்றுவதும், அவசர இன்ஹேலர் தேவைப்படுவதும் நிஜ மெஷின் வைத்தவர்களுக்குக் குறைவு. பெரும்பாலான நேரம் அதை ஓடவிட்டவர்களுக்குப் பலன் அதிகம். ஆக, உதவும், மந்திரம் இல்லை, அணைத்து வைத்தால் உதவாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது: ஹெப்பா வடிகட்டி. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது அதன் இலக்கணம். அடுத்து சி.ஏ.டி.ஆர்., அதாவது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற எண். உங்கள் ரூம் 12க்கு 12, உயரம் 10 அடி என்றால் 1440 கன அடி, சுமார் 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று வடிகட்டப்படவேண்டும் என்றால் 205 வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது ஃபுல் ஸ்பீடில் வரும் எண். அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். அதனால் 300, 350 உள்ளதாக வாங்கி நடு வேகத்தில் ஓடவிடுங்கள். நோயாளி படுக்கும் ரூமில் வைத்து, கதவைச் சாத்தி, நாள் முழுக்க. வடிகட்டியை நேரத்துக்கு மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். ஓசோன் உண்டாக்கும் மெஷின்கள் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிக்கும். அயனைசர் பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள்.

7. செடி. "மணி பிளான்ட் வெச்சா காத்து சுத்தமாகும்" என்று வாட்ஸப்பில் வருகிறதே, 1989 நாசா ஆய்வு என்று, அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலன் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டும் என்று 2019ல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அழகுக்கு வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன்.

8. காற்று நன்றாக இருக்கிறதே என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் போட்டாயிற்று.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். ஒரு பக்கம், "அப்போ வெளியில இருக்கிற புகைக்கு யாரும் பொறுப்பில்லையா? எல்லாம் ஊதுவத்திதானா?" என்பார்கள். இல்லவே இல்லை. நான் ஊதுவத்தியை நிறுத்தியதால் லாரியும் செங்கல் சூளையும் அனல்மின் நிலையமும் நல்லவை ஆகிவிடாது. ஆறாவது மாடிக்குக் கீழே செக்யூரிட்டிக்காரர் குளிருக்குக் குப்பையையும் கட்டையையும் போட்டு எரிக்கிறார் என்றால், அவருக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்கித்தரவேண்டியது எங்கள் குடியிருப்புச் சங்கம். இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கினோம். வெளிக் காற்றுக்கு அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். ஆனால் அது நடக்கிறவரை அம்மா மூச்சை நிறுத்தி வைத்திருக்க முடியாது. நம் கையில் இருப்பதை இன்று சாயங்காலமே செய்துவிடலாம் என்பதுதான் நான் சொல்வது.

இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். "எதுக்குப்பா இந்த வம்பு, பேசாம ஊர்ல கொண்டாந்து விட்டுரு, நல்ல காத்தாவது கிடைக்கும்." இதை நான் நிறைய யோசித்தேன். ஊர்க் காற்று இதைவிட நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இன்றைக்கும் வெந்நீருக்கு விறகு அடுப்பு. நுரையீரல் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போகவேண்டும். 2023ல் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அம்மா தினமும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறார். கரன்ட் போனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் சிலிண்டரை மாற்றுவது? அம்மாவைக் கேட்டேன். "ஊருக்குப் போகணும்னுதான் இருக்கு. ஆனா ஒத்தையில போகமாட்டேன்" என்றார். அதனால் டிசம்பர், ஜனவரியில் நான் லீவு சேர்த்து வைத்து மூன்று வாரம் கூட்டிப்போய் வருகிறேன். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆக்ஸிஜன் வந்தபிறகு இன்னொன்றும் மாறியது, அதையும் சொல்லியாகவேண்டும். ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பு ஆகவே ஆகாது. துணி, முடி எல்லாம் சாதாரணமாக எரிவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பற்றும். ஆக, விளக்கும் பூஜை அலமாரியிலிருந்து போகவேண்டியதாயிற்று. இந்தத் தடவை நான் மீட்டரையோ பாடத்தையோ எடுக்கவில்லை. "அம்மா, விளக்க எங்க வெக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பால்கனியைக் காட்டினார்.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு என் பெண் பால்கனியில் குத்துவிளக்கை ஏற்றுகிறாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கும். அம்மாவின் நாற்காலி இந்தப் பக்கம், பத்தடிக்கு மேல் தள்ளி, மூக்கில் குழாயோடு. உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொள்வார். மெஷின் விளக்கு பெரும்பாலும் பச்சையில் இருக்கும். நவம்பரில் மஞ்சள். சிவப்பானால் அம்மாதான் முதலில் குரல் கொடுப்பார், "யாருடி அடுப்படிக் கதவத் தெறந்து போட்டது?"

பி.கு: மாடல் பெயர் கேட்ட மூன்று பேருக்கும்: சொல்கிறேன். முதலில் இன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் வீட்டு ஹாலில் நின்று ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்துப் பாருங்கள். என்ன வாசனை வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.